பிக்கப் கேம்பருக்குக் கதகதப்பும் வெந்நீரும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்டாரியோவில் இருக்கிறோம். பெட்ரோல் பிக்கப்பின் பின்தொட்டியில் ஏற்றி இறக்கும் கேம்பர் ஒன்றை நானும் தம்பியும் சேர்ந்து கட்டுகிறோம். சுவருக்கு ஓர் அங்குல ஃபோம் பலகை. குளிர்காலத்திலும் இருவர் தங்க வேண்டும். 5 கிலோவாட் டீசல் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: விலையைப் பார்ப்பதற்கு முன் கேம்பர் எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்று கணக்கிடுங்கள். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 30 சதுர மீட்டர் என்று வைப்போம். வெளியே மைனஸ் 15, உள்ளே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 35. ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் என்னும் ஃபோம் பலகையில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 1.1 வாட் வெளியேறும். பெருக்கினால் 1,150 வாட். ஒன்றரை சதுர மீட்டர் இரட்டை ஜன்னலுக்கு 160 வாட். மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேற மணிக்கு 30 கன மீட்டர் காற்று மாறினால் இன்னும் 360 வாட். ஆக 1.7 கிலோவாட் போதும். பலகையை இரண்டு அங்குலமாக்கினால் 1.1 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். ஹீட்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஃபோமில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

5 கிலோவாட் ஹீட்டர் வாங்கினால் அது எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓடும். எரியறை போதுமான அளவு சூடேறாது; முழுதாக எரியாத டீசல் கரியாகி, டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைச் சுற்றியுள்ள வலையில் படியும். முதலில் ஸ்டார்ட் ஆகும்போது வெண்புகை, பிறகு இரண்டு மூன்று முயற்சி, கடைசியில் நள்ளிரவில் அடியோடு நின்றுவிடும். 2 கிலோவாட் ஹீட்டரே உங்களுக்கு ஏற்றது. வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் இரண்டு நிறுவனங்களிலும் இந்த அளவு உண்டு. அதையும் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

பொருத்தும்போது பலர் கோட்டைவிடுவது டீசல் பம்பில். பம்பைப் படுக்கையாக மாட்டாமல், வெளியேறும் முனை மேலே இருக்கும்படி 15 முதல் 35 டிகிரி சாய்த்து மாட்டுங்கள். குழாய் இணைப்பில் இரு முனைகளும் ரப்பருக்குள் ஒன்றையொன்று தொட வேண்டும். இடைவெளி விட்டால் அங்கே காற்றுக்குமிழி சேர்ந்து தீ அணையும். க்ளோ பிளக் தொடக்கத்தில் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி 4 மீட்டர் தள்ளி இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போடுங்கள். அணைத்த பிறகு ஃபேன் தானாக நிற்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கவே கூடாது.

உங்கள் வண்டி பெட்ரோல் என்பதால் டீசலுக்குத் தனி டாங்க் வேண்டும். 24 மணி நேரத்துக்கு 5 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். செப்டம்பரில் நிரப்பியதை ஜனவரிக்கு வைத்திருக்காதீர்கள். கோடை டீசல் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும்.

கேள்வி: வெந்நீருக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டுமா? மின்சார இன்ஸ்டன்ட் ஹீட்டர் சரிவருமா?

பதில்: பேட்டரியில் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நடக்காது. நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீரை 5 டிகிரியிலிருந்து 40க்கு ஏற்ற 7.3 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 600 ஆம்பியர்!

தொட்டி என்றால் கணக்கே வேறு. 10 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 5 டிகிரி தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் சுமார் 16 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் விடும் ஷவரில் ஆறு நிமிடம். ஒருவர் குளித்ததும் அடுத்தவருக்காகத் தொட்டி மறுபடி சூடாகக் காத்திருக்க வேண்டும். இதைக் குடும்பத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைக் கொண்டு தொட்டியைச் சூடாக்கும் முறை வேனுக்கு அருமையானது. ஏற்றி இறக்கும் கேம்பருக்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் கூலன்ட் குழாயைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அடுப்புக்கு எப்படியும் புரொப்பேன் வைக்கப்போகிறீர்கள் என்றால் ட்ரூமா காம்பி போன்ற கூட்டுக் கருவி நல்ல தேர்வு. அறைக்கு வெப்பமும் 10 லிட்டர் வெந்நீரும் ஒரே பெட்டியில் கிடைக்கும். டீசலைப் போலக் கரி படிவதும் இல்லை. ஆனால் மைனஸ் 15இல் நாளுக்குச் சுமார் 3.75 கிலோ செலவாகும், 9 கிலோ சிலிண்டர் இரண்டரை நாள்கூட வராது. இரண்டு சிலிண்டரும் தானாக மாறும் ரெகுலேட்டரும் அவசியம். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் முகாமிடுவதானால் அறைக்கு டீசல், வெந்நீருக்கு மட்டும் கேஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 5லிருந்து 60க்குச் சூடேறும்போது 10 லிட்டர் கிட்டத்தட்ட 170 மில்லி பெருகும். நுழைவாயிலில் ஒருவழி வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பாதுகாப்பு வால்வு இரவெல்லாம் சொட்டும். பெருகும் நீருக்கு இடம் தரும் ஒரு லிட்டர் அக்யுமுலேட்டரை வெந்நீர்ப் பக்கம் வைத்தால் அது நிற்கும். 60 டிகிரி நீர் நேராகக் குழாயில் வந்தால் கை வெந்துபோகும். 45க்கு அமைத்த மிக்ஸிங் வால்வு போடுங்கள்.

கேஸ் சிலிண்டர் அறை உள்ளே திறக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அறையின் அடிப்பாகத்தில் வெளியே செல்லும் துளை இருக்க வேண்டும். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற கேஸ் ஃபிட்டரிடமே கொடுங்கள்.

கேள்வி: அதுவரை கூடாரத்துக்கான சிறிய கேஸ் ஹீட்டரை உள்ளே வைத்துத் தூங்கலாமா?

பதில்: கூடாது. அதன் புகை முழுவதும் நீங்கள் சுவாசிக்கும் காற்றிலேயே கலக்கும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து ஒருபுறம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகி சுவரில் வழிவது மறுபுறம். எந்த ஹீட்டர் வைத்தாலும் படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும்.

கேள்வி: பயணம் முடிந்து வண்டியை நிறுத்திவைத்தால் குழாய்கள் உறைந்து வெடிக்குமா?

பதில்: பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு தாங்கும், வெடிப்பது பம்பும் ஃபிட்டிங்கும் குழாய்க் கைப்பிடியும்தான். தாழ்வான இடத்தில் வடிகால் வால்வு வைத்து, வெந்நீர், தண்ணீர் இரு பக்கக் குழாய்களையும் திறந்து, ஷவர் கைப்பிடியைத் தரையில் போட்டு வடியவிடுங்கள். பிறகு 2 பார் அழுத்தத்துக்கு மிகாத காற்றால் ஊதுங்கள். கடைசியாக ஆர்வி (பயண வண்டி) கடையில் கிடைக்கும், குளிரில் உறையாத இளஞ்சிவப்பு புரொப்பிலீன் கிளைக்கால் திரவத்தைப் பம்ப் வழியே ஓடவிட்டு, சிங்க் வளைவிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். வெந்நீர்த் தொட்டியைத் தவிர்த்துத் திரவத்தை அனுப்பும் பைபாஸ் வால்வு இல்லாவிட்டால் 10 லிட்டர் திரவம் அதிலேயே வீணாகும். கார் ரேடியேட்டர் திரவம் விஷம்; குடிநீர்க் குழாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

காம்பியில் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் என்னும் வால்வு சுமார் 3 டிகிரியில் தானாகத் திறந்து தொட்டியைக் காலிசெய்துவிடும். தண்ணீர் திடீரென வண்டிக்கடியில் கொட்டினால் பழுது என்று பதறவேண்டாம். வால்வு இருக்கும் மூலையும் கதகதப்பு எட்டும் இடமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளே 20 டிகிரி இருக்கும்போதே வெந்நீர் போய்விடும்.