விடுதியில் தள்ளுபடி கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

குமுளியில் ஆறு அறை விடுதி தொடங்கியிருக்கிறீர்கள். வருபவர்கள் எல்லாரும் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். மாதச் செலவு 54,000 ரூபாய் என்று வையுங்கள். ஆறு அறையும் பாதி நாள் நிரம்பினால் மாதம் 90 வாடகை, ஒன்றுக்கு 600 செலவு. ஆள் தங்கினால் மட்டும் ஆகும் சலவை, சோப்பு, மின்சாரம் 300. ஆக 900தான் அடிவிலை.

ஆடி மழையில் அறை காலியாகக் கிடந்தாலும் அந்த 600 செலவாகத்தான் செய்யும்; அப்போது 300க்கு மேல் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை குறைக்கவே வேண்டாம். மற்ற நாட்களில் இரண்டு இரவு தங்குபவருக்கு மட்டும் குறையுங்கள். சும்மா குறைத்தால் சொன்ன விலையே பொய்யாகிவிடும்.

சென்ற சீசனில் என் விடுதிக்கு இருமுடியோடு எட்டுப் பேர் வந்தார்கள். "சாமி, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்" என்றார் குருசாமி. வாடகையைத் தொடவில்லை, விடியற்காலை நான்கு மணிக்கு அண்டா நிறைய வெந்நீர் வைத்தேன். மனம் குளிர்ந்து போனார்கள்.