பாதியில் நிற்கும் பொம்மைகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பாலிமர் க்ளேயில் (ஓவனில் சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்) 30 செ.மீ. உயரப் பெண் பொம்மை செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் முகத்திலேயே நின்றுபோகிறது. ஒரு கண்ணைச் சரிசெய்தால் மறு கண் நசுங்குகிறது. கசக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறேன். என்ன வழி?

பதில்: முழு முகத்தையும் சுடாத க்ளேயிலேயே முடிக்கப் பார்க்கிறீர்கள். அதனால்தான் மூக்கைத் தொட்டால் கன்னம் நகர்கிறது. பாலிமர் க்ளேயை எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். முகத்தைக் கட்டம் கட்டமாகச் சுட்டுக்கொண்டே போங்கள்.

முதலில் பொம்மையை அதே அளவில் தாளில் வரையுங்கள், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பெரியவர் உருவத்துக்குத் தலை மொத்த உயரத்தில் ஏழில் ஒரு பங்கு. 30 செ.மீ. பொம்மைக்கு 4.3 செ.மீ. வரும். தலைக்குள் வைக்கும் அலுமினியம் ஃபாயில் உருண்டை இதைவிட எல்லாப் பக்கமும் 4 முதல் 5 மி.மீ. சிறியதாக இருக்கட்டும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்கு அதை இறுக்குங்கள். கண் வரும் இரண்டு இடத்திலும் ஃபாயிலிலேயே குழி போட்டுவிடுங்கள். இந்தக் குழி இல்லாமல் கண்ணைப் பதித்தால் அது வெளியே துருத்திக்கொண்டுதான் நிற்கும், இமையை எத்தனை முறை திருத்தினாலும் சரியாகாது. பல முகங்கள் கெடுவது இங்கேதான், ஆனால் பழி இமைமேல் விழுகிறது.

கண்ணுக்கு 6 மி.மீ. வெள்ளை க்ளே உருண்டைகளைத் தனியாகச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மணியும் வைக்கலாம். பிளாஸ்டிக் கண் சூட்டில் உருக்குலையலாம், அதனால் வேண்டாம். தலை உச்சிக்கும் தாடை நுனிக்கும் நேர் பாதியில் கண் கோடு. இரு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம் இடைவெளி. கண் இரண்டும், மூக்கின் அடிவடிவமும், நெற்றியும் வந்ததும் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். தாடைக்குக் கீழிருந்தும் பாருங்கள், எந்தக் கண் ஆழத்தில் இருக்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். சரியென்றால் சுட்டுவிடுங்கள்.

ஆறிய முகத்தில் லிக்விட் க்ளேயை (திரவமாக வரும் பாலிமர் க்ளே) மெல்லிசாகத் தடவி, 1 மி.மீ. தடிமன் திரி உருட்டி இமையாக வையுங்கள். அடியில் கல்லாக இருப்பதால் இனி அழுத்தம் எதையும் நகர்த்தாது. மேல் இமை கருவிழியின் மேல்நுனியைக் கொஞ்சம் மறைக்கட்டும். கருவிழி முழுவட்டமாகத் தெரிந்தால் பொம்மை திடுக்கிட்ட மாதிரி விழிக்கும். உதடு, காது எல்லாம் அடுத்த சுற்றில். இதற்குமேல் தவறு வந்தாலும் கசக்க வேண்டிய அவசியமில்லை. பிளேடால் செதுக்கலாம், 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். சுடுவதற்கு முன் விரல்ரேகையை எடுக்க, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் லேசாக வருடினால் போதும்.

கேள்வி: சுட்டு எடுத்தால் கழுத்தில் விரிசல். சில சமயம் நெற்றியிலும்.

பதில்: நெற்றி விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் இறுகாத ஃபாயில். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து க்ளேயைப் பிளக்கிறது. கழுத்தில் கதை வேறு: உள்ளே எலும்புபோல் வைக்கும் வழவழப்பான கம்பியை க்ளே பிடிப்பதில்லை. கம்பிமேல் ஃபாயிலோ மெல்லிய கம்பியோ சுற்றி, வெள்ளைப் பசை தடவிக் காயவிட்டு, பிறகு க்ளே போடுங்கள்.

அடுத்தது சூடு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுதான் சட்டம். பெரும்பாலான வகைகளுக்கு அது 110 முதல் 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. தடிமனுக்கு அரை மணி நேரம் என்ற அளவில் இருக்கும். ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். கூடவே 2 மி.மீ. தடிமன் பட்டை ஒன்றையும் சுடுங்கள். ஆறிய பின் அது வளைந்தால் வெந்துவிட்டது, சட்டென்று ஒடிந்தால் வேகவில்லை, பொம்மையை மறுபடி சுட வேண்டும். அளவுக்கு மீறிச் சூடேறிக் கருகினால் எரிச்சலூட்டும் புகை வரும். ஓவனை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறவுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெந்ததும் வெளியே எடுக்காமல் அணைத்த ஓவனிலேயே ஆறவிடுங்கள்.

வந்துவிட்ட விரிசலை வெறுமனே பூசி மெழுகினால் திரும்பத் திறந்துகொள்ளும். பிளேடால் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி, லிக்விட் க்ளே விட்டு, புது க்ளே திணித்துச் சமமாக்கி மறுபடி சுடுங்கள்.

கேள்வி: வர்ணம் பூசி ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தேன். வாரக்கணக்காகியும் கையில் ஒட்டுகிறது. காயுமா?

பதில்: காயாது. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் க்ளேயோடு வினைபுரிந்துவிட்டது. நகப்பூச்சுக்கும் இதே கதிதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து எடுங்கள், கூடவே அக்ரிலிக் வர்ணமும் போகும், வேறு வழியில்லை. மறுபடி பூசும்போது நீர் சார்ந்த வார்னிஷை மெல்லிய இரண்டு பூச்சாகக் கொடுங்கள். நம்மைக் கேட்டால் தோலுக்கு வார்னிஷே வேண்டாம். பளபளப்பு கண்ணிலும் கீழுதட்டிலும் மட்டும் இருந்தால் முகம் உயிரோடு தெரியும். கன்னச் சிவப்புக்கு உலர் பேஸ்டல் தூளைச் சுடுவதற்கு முன்பே தூரிகையால் தடவிவிடுங்கள், அது அழியாது.

கேள்வி: ஏர் டிரை க்ளேயில் (சுடாமல் காற்றிலேயே காயும் களிமண்) செய்த விரல்கள் காயும்போதே வெடிக்கின்றன.

பதில்: க்ளே சுருங்கும், உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. கம்பிமேல் டிஷ்யூவைப் பசையோடு சுற்றி மெத்தைபோல் ஆக்கிவிட்டு மெல்லிசாகப் பூசுங்கள், மின்விசிறிக்கு அடியில் வைக்காமல் லேசாக மூடி மெதுவாகக் காயவிடுங்கள். கைக்கு மட்டும் பாலிமர் க்ளே எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கேள்வி: தலை, கை, கால் எல்லாம் முடிந்துவிட்டது. துணி உடலில் பொருத்தினால் தலை முன்னால் சாய்கிறது. முடி எங்கிருந்து ஒட்டுவது?

பதில்: பஞ்சை மட்டும் நம்பினால் தலை நிற்காது. தலையிலிருந்து வரும் கம்பி கழுத்தோடு முடியாமல் இடுப்புவரை இறங்க வேண்டும். இனிச் செய்யும் பொம்மைகளில் கழுத்தடியிலும் கை, கால் மேல்முனையிலும் சுடுவதற்கு முன்பே 3 மி.மீ. பள்ளம் போட்டுவிடுங்கள், துணியை அதன்மேல் இழுத்து நூலால் கட்டினால் நழுவாது. இப்போது இருப்பதில் குறுக்கே ஒரு பள்ளத்தை அரத்தால் ராவிக்கொள்ளலாம். பாலியஸ்டர் பஞ்சைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, மரக்குச்சியால் கழுத்தைச் சுற்றி முதலில் இறுக்கிவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள். பெரிய உருண்டையாகத் திணித்தால் நடுவில் பொந்து விழும், தலை சாய்வது அந்தப் பொந்துக்குள்தான்.

முடியைப் பிடரியிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் பசையை மறைக்கும். நெற்றி வரிசையை மட்டும் முகத்தின்மேல் விழும்படி ஒட்டி, காய்ந்தபின் பின்னால் மடித்துச் சீவுங்கள். உடையைப் போட்ட பிறகு முடி ஒட்டினால் துணியில் பசை படும், அதனால் கழுத்துக்குக் கீழே பாலித்தீன் உறை ஒன்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.