வேற்றுக்கிரக மிருகத்தின் வாயில் ஓர் உயிர்: கதை எழுதுபவர்களின் கேள்விகள்

என் கதையில் வேற்றுக்கிரக மிருகத்தின் வாய்க்குள் வாழும் நுண்ணுயிர் ஒன்று வருகிறது. எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

வாயிலிருந்து. உயிரை அப்புறம் பார்க்கலாம். அந்த வாயில் எச்சில் ஊறுகிறதா, பல் உண்டா, தோல் உரிகிறதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. பிடிமானம் இல்லாத கிருமியை அது வயிற்றுக்கு அடித்துக்கொண்டு போய்விடும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வாய் பாக்டீரியா என்ன செய்கிறது தெரியுமா? நாம் தின்னும் சர்க்கரையிலேயே பசை காய்ச்சிப் பல்லில் ஒட்டிக்கொள்கிறது.

சரி, உங்கள் மிருகத்துக்குப் பல்லே இல்லை, வாய்த்தோல் மட்டும் ஓயாமல் உரிகிறது என்று வையுங்கள். அங்கே பசை மட்டும் போதாது. ஒட்டிய தோலே போய்விடுமே! நகரத் தெரிய வேண்டும். இதற்கு நம் பூமியிலேயே சைமன்சியெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. மனிதர், நாய், ஆடு என்று பல வாய்களில் அதுவும் அதன் உறவுகளும் வாழ்கின்றன. தட்டையான செல்கள் பக்கம் பக்கமாக வரிசைகட்டி, கம்பளிப்பூச்சி போல ஒரே உடம்பாக வழுக்கி நகரும். அடிப்பக்கத்தில் மட்டும் பிடித்துக்கொள்ள நுண்ணிய இழைகள். நுண்ணோக்கியில் நான் அலுக்காமல் பார்க்கிற காட்சி இது.

பாக்டீரியாவுக்குப் பதில் அமீபா மாதிரி வைக்கலாமா?

தாராளமாக. நம் ஈறு ஓரத்திலேயே என்டமீபா ஜிஞ்சிவாலிஸ் இருக்கிறது. வெள்ளணுக்களின் உட்கருவைக்கூடத் தின்னும். ஓடு போர்த்திக்கொண்டு வெளியே காத்திருக்கும் பருவம் அதற்கு இல்லை என்றே பாடநூல்கள் சொல்கின்றன. எச்சில் வழியாகத்தான் வாய் மாற வேண்டும். உங்கள் மிருகம் குட்டிக்கு மென்று ஊட்டுமா, ஊட்டாதா? அதைப் பொறுத்துத்தான் உங்கள் உயிர் அடுத்த தலைமுறையைப் பார்க்கும்.

ஒரே ஓர் இனம் போதுமா?

போதாது. மனித வாயில் மட்டும் சுமார் 700 பாக்டீரியா இனங்கள். இன்னொரு பாக்டீரியாவின் முதுகில் ஒட்டியே பிழைக்கிற குட்டி பாக்டீரியாக்களும் அதில் உண்டு.

அந்த மிருகம் மனிதனைக் கடித்தால் நோய் வருமா?

வைரஸ் என்றால் நம்ப மாட்டேன். நம் செல்லின் மரபு மொழி தெரியாமல் அது பெருக முடியாது. பாக்டீரியா போன்றதற்கு அந்தக் கட்டாயம் இல்லை, தீனி கிடைத்தால் போதும். ஆனால் புரதங்களின் செங்கற்களான அமினோ அமிலங்கள், இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் இருக்கலாம்; நம் புரதங்கள் இடக்கை வடிவத்தால் ஆனவை. அது வலக்கை உலகத்து உயிரென்றால் பெரும்பாலானவை செரிக்காது. கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு மட்டும் இடம் வலம் கிடையாது என்பதால் அதைத் தின்று மெல்ல வளரலாம். புண் மெதுவாக மோசமாவதாக எழுதுங்கள்.

கண்ணுக்கே தெரியாததை எப்படி விவரிப்பது?

1683-இல் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி தன் பல்லிடுக்கில் இருந்த வெள்ளைப் படிவைச் சுரண்டி, மழைநீரில் கலந்து, தானே செய்த லென்ஸில் பார்த்தார். துள்ளித் திரியும் உயிர்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். பல்லே துலக்காத ஒரு கிழவரின் வாயையும் அவர் விடவில்லை. உங்கள் கதாபாத்திரமும் முதலில் தன் வாயிலிருந்து ஒரு துளி எடுத்துப் பார்க்கட்டும். அடுத்த கண்ணாடித் தகட்டில் அந்த மிருகத்தின் எச்சிலை வையுங்கள்.