பத்துப் புத்தகம் கேட்ட பாட்டிக்கு

கேள்வி: என் பேரன் கிரேடு 5 முடிக்கிறான். ஆங்கிலம் தடங்கலில்லாமல் வாசிப்பான். கோவில் வகுப்பில் தமிழ் எழுத்தெல்லாம் படித்துவிட்டான். டிசம்பர் விடுமுறைக்கு அவன் வயதுக்கேற்ற, பயனுள்ள பத்துப் புத்தகங்களைப் பரிந்துரைப்பீர்களா? தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி.
ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அம்மா, பத்துப் பெயர் எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் எழுதமாட்டேன். காரணம் நீங்கள் போட்ட சொல்தான்: பரிந்துரை. அருமையான சொல். அதைப் பிடித்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

வேலைக்கும் காலேஜ் சீட்டுக்கும் வாங்கும் சிபாரிசுக் கடிதத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுத்துக் கொடுத்து, அதன் ஈரத்தைக் காயவைத்துவிட்டோம். பிரித்துப் பாருங்கள்: பரிந்து உரைப்பது. பரிதல் என்றால் அன்பு கொள்வது, இரங்குவது. திருவாசகத்தில் 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்று ஓதுகிறோமே, அதே பரிந்துதான். பிள்ளை அழும்வரை காத்திராமல், பசிக்கும் நேரத்தைத் தானே நினைத்து ஊட்டுகிறவள் அந்தத் தாய். அவளுக்குத் தன் பிள்ளையைத் தெரியும். உங்கள் பேரனை எனக்குத் தெரியாதே! நாயைக் கண்டால் ஓடுவானா, கட்டிக்கொள்வானா? கிரிக்கெட்டா, கால்பந்தா? விளக்கை அணைத்தால் பயப்படுவானா? இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். இவை தெரியாமல் நான் எழுதித் தருவது மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும். பரிந்துரைக்க வேண்டியவர் நீங்கள். நான் அதற்கு உதவி செய்கிறேன்.

'பயனுள்ள' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கோவில் மண்டபத்துக்குப் பிள்ளைகளுக்கென்று கப்பலில் ஒரு பெரிய பெட்டி வந்தது. யார் அனுப்பினார்கள் என்று சொல்லமாட்டேன், நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். திறந்தால் மேலே கணக்குப் பதிவியல் கைடு, நடுவில் ஒரே தோத்திரப் புத்தகம் முப்பது பிரதி, அடியில் நீதிக்கதைகள். ஒவ்வொரு கதை முடிவிலும் கட்டம் கட்டி, 'இக்கதையால் நாம் அறிவது' என்று இரண்டு வரி. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதில் ஒன்றை வாசித்தாள். நரி தப்பித்த இடத்தில் அவள் முகம் மலர்ந்தது. அடுத்து அந்தக் கட்டம் வந்ததும் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு மறுபக்கம் புரட்டினாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து நான் அவள் கட்சி. கட்டத்தை விட்டுவிட்டு அச்சடியுங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். 'பயனுள்ளதாக இருக்க வேண்டுமே' என்று பதில் வந்தது. பத்து வயதுப் பிள்ளை ஒரு பகல் முழுக்கப் புத்தகமும் கையுமாகச் சுருண்டு கிடப்பதே பெரிய பயன், அம்மா. வேறெதையும் அதனிடம் கேட்காதீர்கள்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். 'தமிழ் எழுத்தெல்லாம் படித்துவிட்டான்' என்கிறீர்கள். அது நல்ல செய்தி, ஆனால் பாதிச் செய்தி. ஒரு சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் எனக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டினான். றகர ரகரம்கூடப் பிசகவில்லை. விரலை வரிக்குக் கீழே நகர்த்தி, முற்றுப்புள்ளியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினான். முடித்ததும், 'தவளை எங்கே இருந்தது?' என்று கேட்டேன். 'கிணற்றில்' என்றான். 'கிணறு என்றால் என்னப்பா?' என்றேன். விரல் அந்தச் சொல்லின் மேலேயே நின்றது. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் பிறந்து குழாய்த் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை, கிணற்றை எங்கே கண்டான்! அப்புறம் நான் பலகையில் ஒரு வட்டம் போட்டு, கயிறு போட்டு, வாளி போட்டேன். பையன் எழுந்து வந்து அடியில் தவளையைத் தானே வரைந்தான். அந்தத் தவளை வந்த பிறகுதான் அவன் அந்தப் பத்தியை வாசித்தான் என்பேன்.

இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. பிர்ல்ஸ் என்று ஒரு சர்வதேச வாசிப்புத் தேர்வு இருக்கிறது. 2021இல் அதை எழுதிய நம் தென்னாப்பிரிக்காவின் கிரேடு 4 பிள்ளைகளில் 81% பேருக்கு, தாங்கள் வாசித்ததன் பொருளைப் பிடிக்க முடியவில்லை. 2016இல் அது 78%. அதற்கு வைத்த தாள் தமிழ்த் தாளும் இல்லை, பிற நாட்டு மொழித் தாளும் இல்லை. நம் நாட்டு ஆட்சி மொழிகளிலேயே எழுதினார்கள். எனவே 'தடங்கலில்லாமல் வாசிக்கிறான்' என்பதோடு நிற்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அவனிடம் கொடுங்கள். தெரியாத சொல் ஒன்று வந்தால் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போது அவன் தனியாக வாசிக்க அல்ல, நீங்கள் வாசித்துக் காட்ட. ஒரு விரலும் மடங்காவிட்டால் அதை அவன் தலைமாட்டில் போட்டுவிடுங்கள், தூங்குமுன் வாசிக்கட்டும். இரண்டு மூன்று விரல் மடங்கினால் சரியான புத்தகம். வயதுக்கேற்றதா என்று அட்டையில் போட்ட எண்ணைப் பார்ப்பதைவிட இந்தக் கைக்கணக்கு நல்லது.

ஆங்கிலத்தில் ஒன்று சொல்கிறேன். பெவர்லி நாயுடு எழுதிய 'ஜர்னி டு ஜோபர்க்'. 1985இல் வந்தது. 1991 வரை நம் நாட்டில் தடை. கைக்குழந்தையான தங்கைக்கு உடம்பு முடியாமல் போகிறது. அம்மா ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை. பதின்மூன்று வயது நலேடியும் ஒன்பது வயது டிரோவும் அம்மாவைக் கூட்டிவரக் கிளம்பிவிடுகிறார்கள். சின்னப் புத்தகம், இரண்டு நாளில் முடித்துவிடுவான். முடித்துவிட்டு உங்களிடம்தான் வருவான்: 'பாட்டி, ஊருக்குள் நடமாட உங்களுக்கும் பாஸ் சீட்டு இருந்ததா? நீங்கள் ஏன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தீர்கள்?' இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடிவைத்த குரூப் ஏரியாஸ் சட்டம் உங்கள் தெருவை எப்படிக் காலி செய்தது, லாரியில் எதை ஏற்றினீர்கள், எதை விட்டுவந்தீர்கள் என்று அப்போது சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத அத்தியாயம் அது, உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

அட்டையில் 'நாயுடு' என்ற பெயரைப் பார்த்ததும் நம்மவர் என்று பேரன் குதிப்பான். அந்த அம்மா ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த வெள்ளையர். கணவர் வழியில் வந்த பெயர். ஆனாலும் நிறுத்தாதீர்கள், குதிக்கட்டும். நம் பெயர்களைப் பற்றிப் பேச அது நல்ல வாசல். 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது முதல், நம் பெயர்கள் இங்கே ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி ஏடேறின. கவுண்டர் கவெண்டரானார். முதலியார் மூட்லியானார். முனிசாமி மூன்சாமியாகி நிலாவில் ஏறிக்கொண்டார். பிள்ளையின் வாலில் ஒரு ஒய் ஒட்டிக்கொண்டது, நாயுடுவின் வாலில் இரண்டு ஓ. கேலிக்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த எழுத்துக்கூட்டல் இப்போது நம் சொத்து. உலகத்தில் எங்கே 'கவெண்டர்' என்று கண்டாலும் நம் ஊர்ப் பிள்ளை என்று நெஞ்சு சொல்லும். ஆனால் பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதப்போனால் கை நின்றுவிடுகிறது. கவுண்டர் என்று எழுதுவதா, கவெண்டர் என்றா? இந்த விடுமுறையில் முதல் வேலையாக அதை உங்கள் வீட்டில் தீர்த்துவிடுங்கள். எழுதிய காகிதத்தைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

தமிழில் அவன் தானாக வாசிக்க, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தைத் தேடுங்கள். கதைகள் இலவசம், அச்சடித்தும் கொள்ளலாம், படிநிலை 1 முதல் 4 வரை பிரித்திருக்கிறார்கள். அவனுக்கு 2 போதும். ஆனால் தொட்டில் குழந்தைக் கதையைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வான். எறும்பு, யானை, விண்வெளி என்று விஷயமுள்ளதாக எடுங்கள். அங்கே ஐசிஸூலு, அதாவது ஸூலு மொழிக் கதைகளும் இருக்கின்றன. பள்ளியில் ஸூலு படிக்கிறவன் என்றால் அதிலும் ஒன்றை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஸூலுவில் கதை தொடங்குகிறவர் 'க்வெசுகெசுகெலா' என்பார். கேட்கிறவர்கள் 'சோசி' என்று நாக்கைச் சொடுக்கிப் பதில் சொன்னால்தான் கதை நகரும். நாம் 'உம்' கொட்டுகிறோம், அவர்கள் சொடுக்குகிறார்கள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா' என்று நீங்கள் தொடங்க, அவன் 'சோசி' என்று சொடுக்கினால் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும்!

நீங்கள் வாசித்துக் காட்ட 'டோட்டோசான்'. ஜப்பானில் டெட்சுகோ குரோயானகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. வகுப்பறையெல்லாம் பழைய ரயில் பெட்டிகள். புதிதாகச் சேர வந்த சிறுமி மணிக்கணக்கில் பேசுவதைத் தலைமையாசிரியர் கொட்டாவி விடாமல் கேட்கிறார். மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம். கதை சூடு பிடிக்கும் இடத்தில் மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய நாவல். பிள்ளைகளின் உடம்பை யார் தொடலாம், யார் கூடாது என்று பேசுகிற கதை. அதை முதலில் நீங்கள் தனியாக வாசியுங்கள், அப்புறம் அவனுடைய அம்மாவிடம் கொடுங்கள், அதன் பிறகு அவனிடம். இந்த வயதுக்கு மிகவும் தேவையான புத்தகம்.

தமிழ்ப் புத்தகம் சென்னையிலிருந்து வரவழைத்தால் விலையைவிடத் தபால் செலவு எகிறும். இங்கே கடையில் ஆங்கிலப் புத்தகம் வாங்கினால் 15% வாட். பருப்புக்கு வரி இல்லை, அரிசிக்கு இல்லை, பழுப்பு ரொட்டிக்கு இல்லை, பிள்ளைகள் புத்தகத்துக்கு மட்டும் உண்டு. பத்து வயதில் அதுவும் சாப்பாடுதான் என்று நான் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். அந்த வரியை நீக்கும்வரை எழுதுவேன்.

'டோட்டோசான்' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. முதுகு கொஞ்சம் பிரிந்திருக்கும், பக்கம் ஒன்றும் குறையவில்லை. பேரனையே ஒரு சனிக்கிழமை அனுப்புங்கள். தன் பெயரைத் தமிழில் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போகட்டும். ஜனவரியில் பள்ளி திறக்குமுன் திருப்பித் தரவேண்டும். அடுத்து இன்னொரு பெண் கேட்டு வைத்திருக்கிறாள்.