‘கெட்’டுக்குத் தமிழில் எத்தனை வேடம்? – கேள்வி பதில்

‘கெட்’ என்ற ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பத்துக் கேள்வி வந்தால் அதிகம் என்று நினைத்தேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

‘கெட்’ என்றால் ‘பெறு’ என்றுதான் படித்தோம். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. எதையெல்லாம் மனப்பாடம் செய்வது, மேடம்?

எதையும் செய்ய வேண்டாம். முன்பு இல்லாதது இப்போது வந்து சேர்ந்தது, இந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருள் வந்து சேர்ந்தால் ‘ஐ காட் எ லெட்டர்’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகாலம்). ஒரு நிலை வந்து சேர்ந்தால் ‘ஐ காட் டயர்ட்’. நாமே ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தால் ‘வி காட் ஹோம்’. விஷயம் மண்டைக்குள் வந்து சேர்ந்தால் ‘ஐ கெட் இட்’. தமிழில் இதற்குக் கிடைத்தது, களைத்துப்போனேன், போய்ச் சேர்ந்தோம், புரிந்தது என்று நாலு வினை வேண்டியிருக்கிறது. ஆங்கிலக்காரர் ஒன்றை வைத்தே ஓட்டிவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் ‘எனக்கு’ என்று தொடங்கும் இடத்தில் அவர்கள் ‘நான்’ என்று தொடங்குகிறார்கள். எனக்குக் கிடைத்தது, எனக்குப் புரிந்தது, எனக்குச் சளி பிடித்தது, எனக்குப் பசிக்க ஆரம்பித்துவிட்டது: ‘ஐ காட் இட்’, ‘ஐ கெட் இட்’, ‘ஐ காட் எ கோல்ட்’, ‘ஐயம் கெட்டிங் ஹங்ரி’. மனதில் ‘எனக்கு’ என்று ஒரு வாக்கியம் தொடங்கி, அதற்கு ஆங்கில வினை அகப்படாமல் திணறினால், ‘கெட்’டைப் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் பொருந்தும்.

‘ஹி வாஸ் ஃபயர்ட்’, ‘ஹி காட் ஃபயர்ட்’ இரண்டும் ஒன்றா? அலுவலகத்தில் இரண்டையும் கேட்கிறேன்.

செய்தி ஒன்றுதான்: ஆளுக்கு வேலை போய்விட்டது. தொனிதான் வேறு. இதை விளக்க எனக்குத் தமிழிலேயே ஒரு வினை இருக்கிறது: ‘வாங்கு’. திட்டு வாங்கினான், அடி வாங்கினான், உதை வாங்கினான். காசு கொடுத்து யாரும் உதை வாங்குவதில்லை. தலையில் வந்து விழுந்ததைத்தான் வாங்கினான் என்கிறோம். ‘காட் ஸ்கோல்டட்’, ‘காட் பீட்டன்’, ‘காட் காட்’ எல்லாம் அதே கதைதான். கடைசியில் இருப்பது அச்சுப்பிழை அல்ல. இரண்டாவது ‘காட்’, ‘கேட்ச்’ என்பதன் வடிவம்; மாட்டிக்கொண்டான் என்று பொருள். தமிழ் எழுத்தில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரி தெரிகின்றன, ஒலிக்கும்போது முதல் எழுத்து வேறு.

கெட்டது மட்டும்தான் இப்படி வரும் என்றில்லை. சம்பளம் வந்தால் ‘காட் பெய்ட்’, பதவி உயர்ந்தால் ‘காட் ப்ரமோட்டட்’. ஒருவருக்கு நேர்ந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நல்ல பயனும் உண்டு. ‘த விண்டோ வாஸ் புரோக்கன்’ என்றால் சன்னல் ஏற்கெனவே உடைந்து கிடந்ததா, அப்போதுதான் யாரோ உடைத்தார்களா என்று தெரியாது. ‘த விண்டோ காட் புரோக்கன்’ என்றால் சந்தேகமே இல்லை, உடைந்த சம்பவத்தைத்தான் சொல்கிறோம்.

ஆனால் எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். பிறந்ததற்கு ‘வாஸ் பார்ன்’தான், ‘காட் பார்ன்’ கிடையாது. அறிதல், விரும்புதல் போல நடப்பதாக அல்லாமல் இருப்பதாக உள்ள வினைகளோடும் இது ஒட்டாது.

‘ஐ கட் மை ஹேர் யெஸ்டர்டே’ என்றேன். வெளிநாட்டு நண்பர் ‘நீயேவா?’ என்று கேட்டுச் சிரித்தார். என்ன தப்பு?

இலக்கணத்தில் தப்பே இல்லை. பொருள்தான் காலை வாரியது. தமிழில் முடி வெட்டிக்கொண்டேன், சட்டை தைத்தேன், வீடு கட்டினேன் என்று தாராளமாகச் சொல்கிறோம். கத்தரியையோ ஊசியையோ கரண்டியையோ தொட்டிருக்க மாட்டோம். கேட்பவருக்கும் அது தெரியும். ஆங்கிலம் இந்த விஷயத்தில் கறார். நீங்கள் ஆளை வைத்துச் செய்துகொண்டால் ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்லியாக வேண்டும். முதலில் ‘காட்’, அடுத்து பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசை மாறக்கூடாது. ‘ஐ காட் கட் மை ஹேர்’ என்பது எந்த ஊர் ஆங்கிலமும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ரிமூவ்ட் டூ டீத்’ என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி அதை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சிரித்தார். ‘ஐ காட் டூ டீத் ரிமூவ்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

செய்தவரையும் சொல்ல வேண்டுமானால் ‘ஐ காட் ஹிம் டு சைன் இட்’. இதில் ‘டு’ கட்டாயம். ‘மேட்’ போட்டால் ‘டு’ வராது: ‘ஐ மேட் ஹிம் சைன் இட்’. பொருளும் மாறும். ‘காட்’ என்றால் சொல்லிச் சரிக்கட்டிக் கையெழுத்து வாங்கினேன். ‘மேட்’ என்றால் வேறு வழியில்லாமல் போட வைத்தேன். (பாருங்கள், கையெழுத்தையும் நாம் ‘வாங்கு’கிறோம்!)

பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ என்பது தப்பா, அக்கா?

இந்திய ஆங்கிலத்தில் எல்லாருக்கும் புரியும். அதைத் தப்பு என்று அடிக்க எனக்கு மனம் வராது. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். அங்கே திடீரென்று ‘கெட் டவுன்!’ என்று கத்தினால் ஆட்கள் குனிந்து தரையோடு படுத்துவிடக்கூடும்.

நின்று நடமாட இடம் இருக்கிற வண்டிக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’: பஸ், ரயில், விமானம், கப்பல். மேலே ஏறி உட்காரும் சைக்கிள், குதிரைக்கும் அதேதான். குனிந்து உள்ளே நுழைகிற கார், டாக்ஸிக்கு ஏறும்போது ‘கெட் இன்’, இறங்கும்போது ‘கெட் அவுட் ஆஃப்’. மரம், ஏணி மாதிரி உயரத்திலிருந்து இறங்க ‘கெட் டவுன்’ தாராளமாகப் போடலாம்.

‘காட்டன்’ என்று ஒரு வடிவம் படங்களில் காதில் விழுகிறதே?

பருத்தி இல்லை! ‘கெட்’டின் மூன்றாம் வடிவம், அமெரிக்க வழக்கு. ‘ஐ ஹாவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது; ‘ஐ ஹாவ் காட்டன் எ கார்’ என்றால் புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘காட்’தான். இத்தனைக்கும் இது பழைய வடிவம். பிரிட்டன் கைவிட்டதை அமெரிக்கா வைத்துக்கொண்டது. ‘ஃபர்காட்டன்’ இரு பக்கமும் தப்பிப் பிழைத்தது.

‘ஐ காட் டு கோ’ என்றால் போக வேண்டும் என்கிறார்கள். ‘ஐ காட் டு மீட் ஹெர்’ என்றால் அவரைச் சந்திக்க வேண்டும் என்றா?

இல்லை, இது பொல்லாத இடம். முதலாவது ‘ஐ ஹாவ் காட் டு கோ’ என்பதன் தேய்ந்த வடிவம், போயாக வேண்டும். ‘காட்டா’ என்று இன்னும் தேய்த்தும் சொல்வார்கள். இரண்டாவது சாதாரணமாக நடந்து முடிந்தது: அவரைச் சந்திக்கக் கிடைத்தது, வாய்ப்பு அமைந்தது. ‘ஹாவ்’ இருக்கிறதா, இருந்து விழுங்கப்பட்டதா என்று பாருங்கள். அதுவும் கேட்காவிட்டால் பேச்சின் போக்குதான் துணை.

மகன் ‘மை அங்கிள் காட் எ டாக்டர்’ என்று எழுதியிருக்கிறான். ஆசிரியர் சுழித்துவிட்டார்.

சுழித்தது சரி. ‘மாமா ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார்’ என்று ஆகிவிட்டது. ‘ஆனார்’ என்பதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் ‘பிகேம்’. ‘ஆனார்’ என்ற பொருளில் வரும் ‘கெட்’டுக்குப் பின்னால் கோபம், களைப்பு, இருட்டு மாதிரி தன்மை சொல்லும் சொற்கள்தான் வரும்.

‘கெட் மேரிட் வித்’ சரியா?

‘டு’. நாம் ‘அவருடன் திருமணம்’ என்பதால் ‘வித்’ தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

‘கெட் ஓவர்’, ‘கெட் பை’ போன்ற கூட்டுச் சொற்களுக்கு ஒரு பட்டியல் தருவீர்களா?

பட்டியல் வேண்டாம், மறந்துபோகும். இந்த வாரத்துக்கு நாலு போதும். துக்கத்திலிருந்தோ காய்ச்சலிலிருந்தோ மீள்வது ‘கெட் ஓவர்’. இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது ‘கெட் பை’. தப்பைச் செய்துவிட்டுத் தண்டனையில்லாமல் நழுவுவது ‘கெட் அவே வித்’. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலையை ஒருவழியாகக் கையில் எடுப்பது ‘கெட் அரவுண்ட் டு’. என்னிடம் இந்தக் கடைசி ரகத்தில் ஒரு அலமாரி நிறைய இருக்கிறது.

தேர்வில் ‘கெட்’ எழுதினால் மதிப்பெண் குறையுமா? இந்தச் சொல் எங்கிருந்துதான் வந்தது?

அலுவல் கடிதத்திலும் கட்டுரையிலும் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ என்று எழுதினால் கொஞ்சம் மிடுக்காக இருக்கும். பேச்சில் அதைச் செய்யாதீர்கள். ‘ஐ அப்டெய்ன்ட் எ கோல்ட்’ என்றால் சளியை விண்ணப்பம் போட்டு வாங்கியது மாதிரி இருக்கும்.

பிறப்பு பற்றிச் சொன்னால், வட ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்த, அவர்களுடைய பழைய நார்ஸ் மொழிச் சொல் இது. பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொல் தனியாக நிற்காமல், ‘ஃபர்கெட்’ மாதிரி முன்னொட்டோடுதான் பெரும்பாலும் வழங்கியது. முதல் எழுத்தை ‘அங்கே’ என்பதில் வரும் ககரம் போல அழுத்திச் சொல்வதும் நார்ஸ்காரர் வழிதான்.

எதிரில் பேசுபவர் சொன்னது புரியாவிட்டால் ‘ஐ டிடின்ட் கெட் யூ’ என்கிறோமே?

‘ஐ டிடின்ட் கெட் தட்’ என்று சொல்லுங்கள். ‘யூ’ போட்டாலும் பலர் புரிந்துகொள்வார்கள். ஆனால் ‘ஐ டோன்ட் கெட் யூ’ என்று நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால், நீ என்ன மாதிரி ஆள் என்றே எனக்குப் பிடிபடவில்லை என்று ஆகிவிடும். புரியாதது ஒரு வாக்கியம்தான். ஆளையே எதற்கு இழுப்பது?