இரண்டாம் பிரதிவாதி உங்கள் அம்மா

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். தம்பி வீட்டை விடாததால் 6 வருடங்களுக்கு முன் அவன் மீதும் அம்மா மீதும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். இப்போது மூன்றாவது நீதிபதி. தம்பிதான் ஆள் பிடித்து மாற்றுகிறானோ? மறுபடி முதலிலிருந்து விசாரிப்பார்களா?

பதில்: தம்பியைச் சந்தேகிக்க ஓர் ஆதாரமும் நீங்கள் எழுதவில்லை. வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற அவர் விரும்பினால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டும். உங்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கும். வந்ததாக நீங்கள் சொல்லவில்லையே! நீதிபதிகளுக்கு இடமாற்றம் வரும், பதவி உயர்வு வரும், ஓய்வு பெறுவார்கள். ஓரிடத்தில் வழக்குக் கட்டுகள் குவிந்தால் மாவட்ட நீதிபதி தாமாகவே சிலவற்றை வேறு நீதிமன்றத்துக்கு அனுப்புவார். கட்சிக்காரர் உறவினராக இருந்தால் நீதிபதியே விலகிக்கொள்வார். நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் வழக்கின் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள், எப்போது எங்கே மாறியது என்பது தெரியும்.

முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 15-இன்படி, முந்தைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தை வைத்து, அவர் விட்ட இடத்திலிருந்தே புதியவர் தொடரலாம்.

அது இருக்கட்டும். 'அம்மா மீதும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. பங்குள்ள அனைவரையும் வழக்கில் சேர்த்தாக வேண்டும் என்பீர்கள். உண்மைதான். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் சொத்தில் அம்மாவுக்கும் உங்களுக்குச் சமமாக ஒரு பங்கு உண்டு. ஆனால் அவரை ஏன் எதிர்த்தரப்பில் நிறுத்தினீர்கள்? கேட்டிருந்தால் உங்களோடு வாதியாகச் சேர்ந்திருக்கலாம். வழக்கே வேண்டாம் என்று இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். அம்மா என்ன சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. அமீனா கொண்டுவந்த சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பெற்ற மகன் தன் மேல் தொடுத்த வழக்கை அந்த மனுஷி படித்திருப்பார். 6 வருடங்களாக நீதிபதி மாறுவதை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அவருக்கு வயது ஏறுவதை எண்ணவில்லை.

பங்கு கேட்பது உங்கள் உரிமை. தாயின் மனதை அறியாமல் அதைக் கேட்க எந்த மகனுக்கும் தகுதியில்லை என்றே நான் நினைக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு முன், வக்கீல் இல்லாமல் போய் அவரைப் பாருங்கள். பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி புதிய நீதிபதியிடம் கேளுங்கள். அங்கே அம்மாவை முதலில் பேசவிடுங்கள்.