“30(2) அமலில் இருக்கு” என்றால் ஆர்ப்பாட்டத்துக்குத் தடை என்று அர்த்தமா?

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் எங்கள் ஊருக்குச் சில வாரமாகக் குடிநீர் வரவில்லை. ஒன்றிய அலுவலகம் முன்பு பெண்கள் அறுபது பேர் காலிக் குடங்களோடு ஆர்ப்பாட்டம் நடத்த மனு கொடுத்தோம். “30(2) அமலில் இருக்கு, அனுமதி கிடையாது” என்று வாயால் சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீறி நின்றால் என்ன ஆகும்?

பதில்: 30(2) என்பது தடை உத்தரவே அல்ல. 1861-ம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் அந்த உட்பிரிவு, சாலையிலோ தெருவிலோ கூட்டம், ஊர்வலம் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவிக்கத்தான் காவல்துறைக்கு அதிகாரம் தருகிறது. அடுத்த உட்பிரிவான 30(3), நிபந்தனைகளோடு உரிமம் வழங்குவதைப் பற்றியது. அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆக, ‘30(2) இருப்பதால் அனுமதி இல்லை’ என்ற பதில் தலைகீழானது. 30(2) இருப்பதால்தான் நீங்கள் அனுமதியே கேட்கிறீர்கள்.

உண்மையான தடை உத்தரவு வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவாகிவிட்டது. அதை நிர்வாக நடுவர்தான் (நடுவர் அதிகாரம் பெற்ற வருவாய்த்துறை அதிகாரி போன்றவர்) காரணங்களை எழுதிப் பிறப்பிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் செல்லாது, மாநில அரசு நீட்டித்தால் ஒழிய. சென்னை மாநகரில் நடைமுறை தனி. அங்கே 1888-ம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவு; ஐந்து நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

மனுவைத் திரும்ப எழுதுங்கள். பெரும்பாலான மனுக்கள் விவரம் போதாமல்தான் விழுகின்றன. ‘ஒன்றிய அலுவலகம் அருகில்’ என்று எழுதாதீர்கள். எந்தச் சாலை, எந்தப் பக்கம், எங்கிருந்து எதுவரை, பேருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் எவ்வளவு இடம் விடுகிறீர்கள் என்று எழுதுங்கள். ‘காலை 10 முதல் 11.30 வரை’ என்று முடியும் நேரமும் இருக்கட்டும். ‘கோரிக்கை நிறைவேறும் வரை’ என்று ஒரு வரி இருந்தால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். எத்தனை பேர், யார் பொறுப்பாளர்கள், அவர்களின் செல்பேசி எண்கள் ஆகியவற்றையும் சேருங்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் பழக்கம் வேண்டாம். பந்தோபஸ்து அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் போடப்படுகிறது. 2025 செப்டம்பரில் கரூர் நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு, கூட்டக் கணக்கைக் காவல்துறை கிளறிக் கேட்பதைக் குறை சொல்ல முடியாது. ஒலிபெருக்கி வேண்டுமானால் அதையும் எழுத்தில் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கிடைக்காது.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் நிலைய முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே டி.எஸ்.பி., எஸ்.பி. இருவருக்கும் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பிவிடுங்கள். மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தரும்படி மனுவிலேயே ஒரு வரி கேளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் எதையும் நிரூபிப்பது கடினம்.

எழுத்தில் மறுத்தாலும், பதிலே வராவிட்டாலும், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அதிகாரிக்கு உத்தரவிடும்படி கேட்கும் மனு) போடலாம். சாலைக் கூட்டங்களை ஒழுங்குபடுத்தலாம், ஆனால் வழிகாட்டு நெறி எதுவும் இல்லாமல் அதிகாரியின் இஷ்டத்துக்கு விட முடியாது என்று ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1972-லேயே சொல்லிவிட்டது. பலரும் சறுக்குவது நாள் கணக்கில்தான். ஆர்ப்பாட்டத்துக்கு முந்தின நாள் போனால், அரசு வழக்கறிஞர் காவல்துறையிடம் விவரம் கேட்டுவர அவகாசம் வாங்குவார், தேதி போய்விடும். ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும். மாற்று இடம், மாற்றுத் தேதி இரண்டும் மனுவில் இருந்தால் உத்தரவு கிடைப்பது சுலபம்.

நீதிமன்றம் போக வசதியில்லையா? கல்யாண மண்டபத்துக்குள் கூட்டம் போடுங்கள். 30(2) சாலை, தெருவுக்கு மட்டும்தான்.

மீறி நின்றால் பெரும்பாலும் நடப்பது இது: கலைந்துபோகச் சொல்வார்கள், போகாவிட்டால் வேனில் ஏற்றி ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, பெயர், முகவரி எழுதி மாலையில் விடுவார்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. சூரியன் மறைந்த பின் பெண்களைக் கைது செய்வதானால் அசாதாரணச் சூழ்நிலை வேண்டும், பெண் அதிகாரி வேண்டும், நீதித்துறை நடுவரின் முன் அனுமதியும் வேண்டும்.

உண்மையான தொல்லை மறுநாள் தொடங்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 126(2) (வழியை மறித்தல்), 223 (அதிகாரியின் உத்தரவை மீறுதல்) பிரிவுகளில், சில பெயர்களோடு ‘மற்றும் பலர்’ என்று எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். பாஸ்போர்ட் விசாரணையில் அது தலைகாட்டும். காவல்துறை போன்ற சீருடைப் பணிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் சிக்கல். சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும் தேர்வு விதிகள் அதை வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறவர்களைப் பொறுப்பாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள், அனுமதியில்லாத நாளில் கூட்டிவரவும் வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டால் நகலை வாங்கி 223 (பழைய 188) இருக்கிறதா என்று பாருங்கள். சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தராமல் அந்தப் பிரிவில் வழக்கு நடத்த முடியாது. ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. மற்ற இரண்டும் ஓராண்டுக்குக் குறைவான தண்டனை உள்ளவை. ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) தாக்கலாகவில்லை என்றால், பழைய சட்டத்தில் காலாவதியைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கேட்பார்கள்; புதிய சட்டத்தின் 514-வது பிரிவு எஃப்.ஐ.ஆர். பதிவான தேதியையே கணக்கில் எடுத்துக்கொள்வதால், அந்த வாதம் எடுபடுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். தேதியை எழுதிவைத்துக்கொண்டு, ஓராண்டு முடிந்ததும் நீதிமன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள்.